இண்டூரில் ஓர் ஈ வேட்டை

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பலர் ஒகேனக்கல் அருவிக்குப் போகிறவர்கள். எண்ணெய்க் குளியலும், பரிசல் சவாரியும், பொரித்த மீனும் அவர்கள் மனத்தில் நிறைந்திருக்கும். வழியில் இண்டூரில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அருவிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று விசாரிப்பார்களேயன்றி, இண்டூரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நாம் மட்டும் அங்கே மூட்டை முடிச்சுகளுடன் இறங்குகிறவர்கள். நம் தமக்கையை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியதும், குடும்ப சகிதமாக மூன்று வாரம் தங்கி வருவதென்று இவ்வருஷம் கிளம்பினோம்.

தர்மபுரியைத் தாண்டினால் செம்மண் பூமி. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலங்கள், இடையிடையே மாந்தோப்புகள், ஆங்காங்கே புளிய மரங்கள், தொலைவில் நீல நிறமான குன்றுகள். இதுதான் பழைய தகடூர் நாடு. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்த அதியமான் ஆண்ட சீமை. தமிழ் வாத்தியாருக்கு இந்த மண்ணில் கால் வைத்ததும் இலக்கண ஞாபகம் வராமல் இருக்குமா? ஓரெழுத்து ஒருமொழிகளில் 'ஈ' என்று ஒன்று உண்டு. 'கொடு' என்றும் அதற்குப் பொருள். பறக்கும் பூச்சி என்றும் பொருள். ஈகைக்குப் பெயர் பெற்ற நாட்டில் ஈக்கு மட்டும் பஞ்சமா என்ன? இந்த உண்மை நம் தமக்கை வீட்டு வாசலை மிதித்த மறு கணமே விளங்கிவிட்டது.

வீடு பழைய ஓட்டு வீடு. முன்னே திண்ணை, உள்ளே முற்றம், பின்னே கிணறு. பக்கவாட்டில் மாட்டுக் கொட்டகை. அதில் இரண்டு கறவை மாடுகள், ஒரு கன்று. கொட்டகையை ஒட்டி ஆள் உயரத்துக்குக் குப்பைமேடு. கூடத்தின் மூலையில் வைக்கோல் பரப்பி மாம்பழங்களை அடுக்கியிருந்தார்கள். வீடு முழுதும் பழ வாசனை கமகமவென்று வீசியது. அந்த வாசனைக்கு மயங்கியவர்கள் நாம் மட்டுமல்ல. தூணிலும், கயிற்றுக் கொடியிலும், தண்ணீர்க் குடத்தின் விளிம்பிலும், மாமாவின் வழுக்கைத் தலையிலும் ஈ மயமாக இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! பயணமெல்லாம் சௌகரியமா?" என்று கை கூப்பியபடியே மாமா மறு கையால் விசிறிக்கொண்டார். கை கூப்பியவருக்கு மறு கை ஏது என்று நேயர்கள் கேட்கக்கூடும். இண்டூரில் கோடைக் காலத்தில் மனிதருக்கு மூன்று கை வேண்டும்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சூடான கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், தயிர், மாம்பழத் துண்டுகள். அக்கா பரிமாற, மருமகள் பின்னால் நின்று பனை விசிறியால் ஈ ஓட்டினாள். பட்டணத்தில் வியாபாரம் இல்லாத கடைக்காரனை 'ஈ ஓட்டுகிறான்' என்று கேலி செய்வோம். அது எவ்வளவு கடினமான உத்தியோகம் என்பது அன்றுதான் தெரிந்தது. விசிறி ஒரு பக்கம் போனால் ஈ மறு பக்கம் வந்தது.

இதையெல்லாம் வேடிக்கையாக எழுதிவிடலாம். ஆனால் கூடத்தில் தொங்கிய தூளியைப் பார்த்ததும் வேடிக்கை நின்றுவிட்டது. அதில் அக்காவின் இளைய பேரன், பதினொரு மாதக் குழந்தை, துவண்டு கிடந்தான். அவன் கடைவாயிலும் கண்ணோரத்திலும் ஈக்கள் மொய்த்தன. அவற்றை ஓட்டக்கூட அவனுக்குச் சக்தி இல்லை. அந்தக் கோடையில் மூன்றாம் முறையாக வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த உப்புச் சர்க்கரைக் கரைசலை மருமகள் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"பல் முளைக்கிற காலம் தம்பி. எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது.

அன்று மாலை வீட்டில் ஒரு சபை கூடியது. ஈயை ஒழிக்க ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. மாமாவின் தாயார், எண்பது வயதுப் பாட்டி, வேப்பிலையும் நொச்சித் தழையும் போட்டுப் புகை மூட்டினார். புகை இருந்த வரையில் ஈ வெளியே போயிற்று. கண் எரிச்சல் தாங்காமல் நாமும் வெளியே போனோம். புகை அடங்கியதும் இரு கட்சியாரும் ஒன்றாகவே உள்ளே திரும்பினோம். அக்கா மஞ்சளும் உப்பும் கலந்த நீரால் தரையைத் துடைத்தாள். தரை பளிச்சென்று ஆயிற்று. ஈக்கள் சுவரில் உட்கார்ந்து அது காய்வதற்காகக் காத்திருந்தன. மருமகள் எலுமிச்சைப் பழத்தை அறுத்து அதில் கிராம்பைக் குத்தி வைத்தாள். வாசற்படியில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை ஒன்று முன்பே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டால் ஈக்கள் மிரண்டு ஓடும் என்று யாரோ சொன்னார்களாம். நாம் பார்த்தபோது நான்கு ஈக்கள் அதன் மேலேயே அமர்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தன.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மூத்த பேரனிடம் மின்சார மட்டை ஒன்று இருந்தது. பட்பட்டென்று ஓசையெழ அவன் ஈ வேட்டையாடும் வீரத்தைக் கண்டு நாமும் ஒரு முறை வாங்கி வீசிப் பார்த்தோம். உள்ளத்துக்குப் பெரிய ஆறுதல். வேறு பயன் அதிகம் இல்லை. கடைசியாக மாமா தர்மபுரிக் கடையில் வாங்கி வந்த மருந்துப் புட்டியை எடுத்து, தூளியைச் சுற்றி அடிக்கப் போனார். நல்ல வேளையாகத் தடுத்துவிட்டோம். பூச்சியைக் கொல்லும் நஞ்சு, குழந்தை மூச்சு விடும் இடத்துக்கும் சோற்றுப் பானைக்கும் உரியதன்று.

ஈக்கும் நஞ்சுக்கும் நடந்த யுத்தத்தில் ஜெயித்தவர் யார் என்பதையும் மாமாவுக்குச் சொன்னோம். டி.டி.டி. என்னும் மருந்து பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-இல் கண்டறிந்தவர் ஸ்விட்ஸர்லாந்து ரசாயன அறிஞர் பால் முல்லர். அதற்காக 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், பரிசு அவர் கைக்கு வருமுன்பே, ஸ்வீடன் நாட்டு வீட்டு ஈக்கள் அம்மருந்தைத் தாங்கிக்கொண்டு உயிர் வாழப் பழகிவிட்டன. மருந்துக்குத் தப்பிய சில ஈக்களின் சந்ததியே பிறகு பெருகிற்று. அதற்குப் பின் வந்த பல மருந்துகளின் கதையும் இதுவே.

"அப்படியானால் என்னதான் செய்வது வாத்தியாரே?" என்றார் மாமா. அவர் நம்மை 'மாப்பிள்ளை' என்பதை விட்டு 'வாத்தியாரே' என்றால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மறு நாள் காலை பேரனைச் சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினோம். பூச்சியியல் அறிஞர்கள் மரச் சட்டங்களால் ஆன ஒரு கட்டத்தைத் தரையில் வைத்து, அதில் எத்தனை ஈக்கள் வந்து உட்காருகின்றன என்று அரை நிமிஷ நேரம் எண்ணுவது வழக்கம். பழைய கட்டில் சட்டங்களைக் கொண்டு நாமும் ஒன்று செய்தோம். சமையற்கட்டு வாசலில் வைத்து எண்ணினான் பையன். முப்பத்தேழு. நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் எழுதிக்கொண்டான்.

பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனோம். மேலே காய்ந்திருந்த சாணத்தைக் கிளறினால், அடியில் ஈரமான பகுதியில் அரிசி கொதிப்பது போல வெண்புழுக்கள் நெளிந்தன. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

"இது எருவில் உண்டாகிற புழுதானே? நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்" என்றார்.

"நீங்கள் பிறந்ததிலிருந்து பார்ப்பது ஈயின் தொட்டில் மாமா" என்றோம்.

பெண் ஈ தன் வாழ்நாளில் சுமார் 500 முட்டை வரை இடும். ஒவ்வொரு தடவையும் 75 முதல் 150 வரை. அதற்கு வேண்டியது ஈரமும் அழுகலும் உள்ள ஓர் இடம்: சாணம், மலம், எச்சில் இலை, அழுகிய பழம். முட்டை ஒரு நாளைக்குள் பொரிந்து புழுவாகிறது. புழு நான்கு முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கிறது. பிறகு காய்ந்த மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிச் சில நாளில் ஈயாக வெளிவருகிறது. கோடையில் முட்டை ஈயாவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். மட்டையால் நாளைக்கு ஐம்பது ஈயை அடிக்கிற வீரன், ஓர் ஈயின் பிள்ளைகளை அடித்து முடிக்கவே பத்து நாள் ஆகும். அதற்குள் பேரப் பிள்ளைகள் பிறக்கத் தொடங்கிவிடும்.

ஈ விருந்து உண்ணும் முறையையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஈக்குக் கடிக்கப் பல் இல்லை. திடப் பொருளின்மேல் தன் எச்சிலையும், முன்பு உண்டதில் ஒரு பகுதியையும் கக்கி, கரைத்து, உறிஞ்சிக் குடிக்கிறது. ருசி பார்க்கும் உறுப்பு அதன் காலிலேயே இருப்பதால் எதையும் மிதித்துப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். மலத்தை மிதித்த அதே காலால் மாம்பழத்தையும் மிதிக்கிறது. ஈயின் உடம்பில் நூற்றுக்கு மேற்பட்ட நோய்க்கிருமிகளை அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

"எல்லாம் புத்தகத்தில் சரி. ஈயினால்தான் குழந்தைக்கு வந்தது என்பதற்கு என்ன ருசு?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. அழுக்குத் தண்ணீராலும் வரும். கழுவாத கையாலும் வரும். ஆயினும், வடமேற்குப் பாகிஸ்தானில் சில கிராமங்களில் ஈயை ஒடுக்கியும் வேறு சிலவற்றை அப்படியே விட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 1999-இல் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. ஈ குறைந்த கிராமங்களில் சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்திருந்தது. நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டூர்த் தூளியில் கிடந்த குழந்தைக்கு மூன்று முறை வந்தது இரண்டாகக் குறைந்திருந்தாலும், அவன் தாய்க்கு அது சிறிய விஷயமா?

மாமா பதில் சொல்லவில்லை. தூளியின் பக்கம் ஒரு முறை பார்த்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "மண்வெட்டி எங்கே?" என்று கேட்டார்.

எருவைத் தூக்கி எறிவது என்ற பேச்சே எடுக்கவில்லை. சாணம் குடியானவனுக்குப் பொன். அதை எறியச் சொல்கிறவனை யார் மதிப்பார்கள்? எருவும் கெடாமல், ஈயும் வளராமல் இருக்க வழி உண்டு. வீட்டை விட்டுத் தள்ளி, கொல்லைக் கோடியில் எருக்குழி வெட்டினோம். அன்றன்றைய சாணத்தை அன்றே அள்ளி, குழியில் இறுக்கமாக மிதித்து நிரப்பி, மேலே மண் தூவித் தார்ப்பாயால் இறுக மூட வேண்டும். இறுகிய எருவின் உள்ளே உண்டாகும் உஷ்ணத்தைப் புழு தாங்காது. ஓரத்துச் சாணத்தை அவ்வப்போது நடுவே புரட்டிப் போட்டால் அங்கே ஒதுங்கியதும் வெந்து போகும். வறட்டி தட்டுகிறவர்கள் மெல்லியதாகத் தட்டி வெயிலில் உலர்த்திவிட்டால் முட்டைக்கு ஈரம் கிடைக்காது. சாண எரிவாயுக் கலம் வைத்தவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு. எது செய்தாலும் கணக்கு ஒன்றுதான்: புழு ஈயாகுமுன், அதாவது ஒரு வாரம் ஆவதற்குள், அதன் படுக்கையைக் கலைத்துவிட வேண்டும்.

பெண்மணிகள் வீட்டுக்குள் தங்கள் பங்கைச் செய்தார்கள். மாம்பழங்களில் அழுகியவற்றைத் தினம் பொறுக்கி எருக்குழிக்கு அனுப்பினார்கள். சமையற்கட்டுக் குப்பைக்கு மூடியுள்ள வாளி வந்தது. ஜன்னலுக்குக் கம்பி வலையும் தூளிக்குக் கொசு வலையும் வந்தன. கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய்த் தலையில் மாமா துருப்பிடிக்காத வலைத் துண்டு ஒன்றைக் கட்டினார். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈ இருட்டிலிருந்து வெளிச்சத்தை நாடிப் பறக்கும். இன்று ஜிம்பாப்வே என்று வழங்கும் நாட்டில் 1970-களில் இதைக் கொண்டே கிராமக் கழிவறை ஒன்றை அமைத்தார்கள். உள்ளே இருட்டு, உயரமான குழாயின் உச்சியில் மட்டும் வெளிச்சம், அங்கே வலை. குழியில் பிறந்த ஈ குழாயில் ஏறி, வலையில் முட்டி, அங்கேயே மடியும்.

ஐந்தாம் நாள் பையன் எண்ணினான். முப்பத்தைந்து. வீட்டில் எல்லோரும் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பழைய குப்பைமேட்டு மண்ணில் முன்பே புகுந்திருந்த கூட்டுப்புழுக்கள் வெளிவந்து தீரும் வரை பொறுக்க வேண்டும் என்று சமாதானம் சொன்னோம். பத்தாம் நாள் இருபத்தாறு. குறைந்தது, ஆயினும் போதவில்லை.

இடையில் ஒரு நாள் பையனை அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள பாப்பாரப்பட்டிக்குப் போய் வந்தோம். சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்ட ஊர் அது; 1925 ஜூலை 23-இல் அவர் மறைந்த ஊரும் அதுவே. சிறைவாசத்தில் பற்றிய தொழுநோயை வெள்ளை அரசாங்கம் காரணமாகக் காட்டி, அவர் ரயிலில் ஏறக் கூடாதென்று தடுத்தது. அந்தத் தியாகி ரணங்களுடன் ஊர் ஊராக நடந்தார். தொழுநோய் அவ்வளவு எளிதில் தொற்றுவதல்ல என்பதும், மருந்தால் குணமாகும் என்பதும் இன்று நமக்குத் தெரியும். திரும்பும் வழியில் ஒன்று தோன்றியது. தொற்று என்று அஞ்சி ஒரு மனிதரை வண்டியில் ஏற்ற மறுத்த தேசம் இது. உண்மையாகவே நோயைச் சுமந்து வரும் பூச்சிக்கோ, பந்தியில் முதல் இலை போடுகிறோம். 1941-இல் காந்தியடிகள் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில், கதருக்கும் தீண்டாமை ஒழிப்புக்கும் பக்கத்திலேயே கிராமச் சுகாதாரத்தையும் வைத்தார். அழகிய சிற்றூர்கள் இருக்க வேண்டிய இடத்தில் குப்பைமேடுகளைக் காண்கிறோமே என்று வருந்தினார்.

வீட்டுக்கு வந்ததும் பையன், "தாத்தா, ஈ எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்துவிட்டேன்" என்று இரகசியமாகச் சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினான். அங்கே மாமாவின் பங்காளி வீடு. வேலியை ஒட்டி, நம் பழைய மேட்டுக்குத் தம்பி போல, ஒரு குப்பைமேடு.

வேலியில் நிற்கும் ஒரு புளிய மரம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் இரு வீட்டாருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஈயோ இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் சாதாரணமாகப் பறக்கக்கூடியது. அதற்குப் புளிய மர வழக்கும் தெரியாது, வேலியும் தெரியாது. மாமாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தயங்கினோம். அவர் திண்ணையில் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறு நாள் விடியற்காலையில் மண்வெட்டியுடன் அவர் வேலியருகே போய் நின்றார். அக்கா நடுங்கிப் போனாள். மண்வெட்டியுடன் பங்காளி வேலிக்குப் போனால் ஊரில் அதற்கு வேறு அர்த்தம். மாமா உரக்கக் கூப்பிட்டார்:

"சின்னவனே! உன் குப்பையை நீ தள்ளிப் போடுகிறாயா, நான் வந்து தள்ளட்டுமா? உன் வீட்டிலும் பேத்தி இருக்கிறாள்."

பங்காளி வெளியே வந்தார். மாமாவைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், இந்தப் பக்கம் தார்ப்பாய் போர்த்திய எருக்குழியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் தோளில் அவருடைய மண்வெட்டி இருந்தது.

அன்று மாலை வரை இருவரும் வேலை செய்தார்கள். பேசியது பத்து வார்த்தைக்கு மேல் இராது. புளிய மர வழக்கு தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

விடுமுறை முடிந்து நாம் புறப்பட்ட நாளில் கட்டத்தில் பதினைந்து ஈக்கள். ஈ அறவே ஒழிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மாடு உள்ள வீட்டில், மாம்பழம் உள்ள மாதத்தில், ஈ இல்லாமல் இராது. ஆனால் கைவிசிறி இல்லாமல் சாப்பிட்டோம். தூளிக்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து, வலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

சென்ற வாரம் பையன் தொலைபேசியில் கூப்பிட்டான். கணக்கு ஒன்பதுக்கு வந்திருக்கிறதாம். தம்பிக்கு வயிறு சரியாக இருக்கிறதாம். எதிர் வீட்டுக்காரரும் கட்டத்தைக் கேட்டு வாங்கிப் போய் எண்ணிப் பார்த்தாராம். நாற்பத்திரண்டு வந்ததும் வெட்கப்பட்டுக் குழி வெட்டத் தொடங்கியிருக்கிறாராம்.

"எண்ணினது சரிதானா? பழைய பக்கத்தைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிக்கவில்லையே?" என்று கேட்டோம்.

"இல்லை தாத்தா. அடிக்க ஈ போதவில்லை" என்றான்.